இருபது பால்பற்களும் விழட்டும் என்று காத்திருந்தது

பேத்தி மென்று தின்பதைப் பார்க்க எனக்குப் பிடிக்காது. எழுதவே கூசுகிறது, ஆனால் அதுதான் உண்மை. வாயை மூடும்போது அவளுடைய கீழ்த்தாடை நேராக வந்து சேராது. பாதி வழியில் ஒரு தட்டுத் தட்டி இடப்பக்கம் நழுவிப் போனபிறகுதான் பற்கள் ஒன்றோடொன்று சேரும். ஒரு தோசைக்கு நாற்பது முறை மெல்வாள். நாற்பது முறையும் அந்த நழுவல். எண்ணியிருக்கிறேன். இப்போது பதின்மூன்று வயது. சும்மா உட்கார்ந்திருந்தாலும் முகவாய் இடப்பக்கம்தான் நிற்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் என்மேலேயே எனக்கு ஓர் அருவருப்பு வருகிறது.

அவள் இரண்டாம் வகுப்புக்குப் போன வருஷம் பள்ளிக்கூடத்தில் பல் முகாம் நடந்தது. பக்கத்துச் சித்தூரிலிருந்து வந்த டாக்டர் பிள்ளைகளின் வாயைப் பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுத்தார். பேத்தியின் சீட்டில், மேல்தாடை குறுகலாக இருக்கிறது, கடி ஒரு பக்கமாக ஒதுங்குகிறது, ஏழு வயதுக்குள் பல் சீரமைப்பு டாக்டர் ஒருவரிடம் காட்டவும் என்று இருந்தது.

என் மகன் திருப்பூரில் வேலை பார்க்கிறான், வாரம் ஒரு நாள்தான் வருவான். மற்ற நாட்களில் டாக்டரிடம் போவதென்றால் என்னைக் கேட்டுத்தான் போவார்கள். மருமகள் சீட்டை நீட்டினாள்.

"ஏனுங்க மாமா, சனிக்கெழம பாலக்காடு போயிக் காட்டிட்டு வந்தரட்டுங்களா?"

பால்பற்கள் இருபது. எங்கள் ஊர் பெருமாட்டியில், வீட்டில் விழுந்த பல்லைச் சாணத்தில் பொதிந்து ஓட்டின்மேல் எறிவது வழக்கம். சாணத்துக்குள் பிள்ளையின் பல்லை அமுக்குவது எனக்கு எப்போதும் குமட்டும். ஆனால் எறிந்த நாளைக் காலண்டரில் வட்டமிட்டு, பக்கத்தில் எண் போட்டு வைப்பதில் மட்டும் ஒரு குறையும் வைத்ததில்லை. அன்றைக்கு எண்ணிக்கை நாலு.

"நாலுதான் அம்மிணி உளுந்திருக்குது. பாக்கி பதினாறு இருக்குது. உளுகப்போற பல்லுக்கு ஆராச்சும் கம்பி போடுவாங்களா? இருபதும் உளுகட்டும்."

பங்காளி வீட்டு அண்ணி அப்போது வந்திருந்தார். வாயில் வெற்றிலையோடு, "பொட்டப்புள்ளைக்கு இப்ப எதுக்குங்கறேன்? கட்டிக்குடுக்கற வயசுல கம்பியப் போட்டு இழுத்தாச் சரியாப் போகுது" என்று சொல்லி, வாசலில் செம்பருத்திச் செடியின் வேரிலேயே துப்பினார். மற்ற நாளாக இருந்தால் முகம் சுளித்திருப்பேன். எனக்கு ஆதரவாகப் பேசியதால் அன்று அந்த எச்சிலும் உறுத்தவில்லை. மருமகள் சீட்டை மடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

பிறகு ஆறு வருஷம் எண்ணினேன். எட்டு, பதினொன்று, பதினாலு. நடுவில் மருமகள் இரண்டு முறை கேட்டாள். இரண்டு முறையும் எண்ணைத்தான் பதிலாகச் சொன்னேன். இருபதாவது பல் போன வருஷம் விழுந்தது. அடுத்த சனிக்கிழமையே நான் முன்னால் நின்று தாயையும் மகளையும் பாலக்காட்டுக்கு பஸ் ஏற்றி, நானும் கூடப் போனேன். காலண்டர் தாள்களையும் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

டாக்டர் சின்ன வயதுப் பெண். மலையாளம் கலந்த தமிழ். நான் விரித்த தாள்களில் ஒன்றைப் பார்த்தாள், மீதியைத் தொடவில்லை. மருமகள் கொடுத்த பழைய சீட்டைத்தான் இரண்டு தடவை படித்தாள்.

"அங்கிள், ஏழு வயசுல காட்டணும்னு இதில எழுதியிருக்கல்லே? எதுக்கு இத்தன லேட்டு?"

"பால்பல்லெல்லாம் உளுகட்டும்னு பாத்தமுங்க."

"பல்ல மட்டும் பாக்கறதுக்கில்ல அங்கிள். தாடை எப்படி வளருதுன்னு பாக்கணும்." தன் வாயின் மேலண்ணத்தை விரலால் காட்டினாள். "இது ரெண்டு எலும்பு. ஏழு எட்டு வயசுல நடுவுல உள்ள சேர்ப்பு இளசா இருக்கும். சின்னதா ஒரு கருவி வெச்சா விரியும், கடி நேராகும். அப்புறம் கீழ்த்தாடையும் நேரா வளரும். ஏழு வயசுல வர்ற எல்லாருக்கும் கம்பி போட மாட்டோம். பலருக்கு ஒண்ணுமே வேண்டாம். இவள மாதிரி உள்ளவங்கள விட்டுடாம இருக்கத்தான் அப்பவே பாக்கறது."

"இப்ப?"

"விரிக்கப் பாக்கலாம், கம்பியும் போடலாம். ஆனா முகவாய் கோணலா வளர்ந்தாச்சு. வளர்ச்சி நிக்கட்டும், பதினெட்டு வயசுல மறுபடி பாப்போம். சிலப்போ ஆப்பரேசன் வேண்டி வரும்."

பேத்தி நாற்காலியில் சாய்ந்தபடியே, "எலும்ப வெட்டுவாங்களா?" என்று கேட்டாள். அந்தப் பேச்சு இப்போது வேண்டாம் என்பதுபோல டாக்டர் அவள் தோளைத் தட்டினாள். பிறகு அச்செடுக்க ரோஸ் நிறப் பசையை வாய் நிறைய அடைத்தார்கள். அவளுக்கு ஓங்கரித்தது. எச்சில் தாடையில் வழிந்து கழுத்துத் துண்டில் சொட்டியது. என்னால் பார்க்க முடியவில்லை. திரும்பிக்கொண்டேன். அங்கே சுவரில் நான்கு பிள்ளைகளின் படங்கள், நேரான பற்களோடு. அதையும் பார்க்க முடியவில்லை.

கிளம்பும்போது டாக்டர், "வீட்டில வேற குட்டி உண்டோ?" என்று கேட்டாள். இவளுக்கு ஒரு தங்கை இருக்கிறாள், ஆறு வயது என்று மருமகள் சொன்னாள். அதற்குமேல் அவர்கள் பேசியதை நான் கவனிக்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் பேத்தி முன் சீட்டிலிருந்து தலையைத் திருப்பினாள். "அப்பாரு, இருபது முடிஞ்சுது. இனி எதைய எண்ணுவீங்க?"

மருமகள் அவள் தொடையில் கிள்ளினாள். பேத்தி சிரித்தாள். அவள் விளையாட்டாகத்தான் கேட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. மருமகள் அன்றும் திட்டவில்லை, அதற்குப் பிறகும் திட்டவில்லை.

இளையவளுக்கு இந்த ஆனியில் ஏழு முடிந்தது. இரண்டு பல்தான் விழுந்திருந்தது. ஒரு நாள் காலையில் தாயும் மகளும் வெளியே கிளம்பினார்கள். எங்கே என்று சொல்லவில்லை. மத்தியானம் வந்தபிறகு மருமகள் தண்ணீர் குடித்துக்கொண்டே சொன்னாள்:

"டாக்டர்கிட்டக் காட்டிட்டு வந்தனுங்க மாமா. இவளுக்கு ஒண்ணும் வேண்டாமாம். அடுத்த வருசம் வரச் சொன்னாங்க."

"எத்தன நேரம் பாத்தாங்க?"

"பத்து நிமிசம் இருக்குமுங்க."

அவள் சொம்பை வைத்துவிட்டுச் சோறு போடப் போனாள். இனிமேல் பிள்ளைகளின் பல் விஷயத்தில் என்னைக் கேட்க வேண்டாம் என்று ஆறு மாதமாகச் சொல்ல நினைத்து, சொல்ல வாய் வராமல் இருந்தேன். நான் சொல்லும்வரை அவள் காத்திருக்கவில்லை.