இரண்டு உறை ஆழம்

பாலாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்துக்குச் சற்று மேற்கே, வடகரையில் இருந்த ஒரு தெருவில் பன்னீர்செல்வம் வாழ்ந்தார். கிணற்றுக்கு உறை இறக்குவது அவர் தொழில். ஆற்றங்கரை மணலில் வெறும் கிணறு நிற்காது. தோண்டத் தோண்டச் சரியும். ஆகவே சிமெண்டு வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, உள்ளே ஆள் இறங்கி அடிமணலை வாரி எடுப்பார்கள். மணல் குறையக் குறைய வளையம் தன் பாரத்தாலேயே கீழே அமரும். அந்த வளையத்துக்குத்தான் உறை என்று பெயர். உறையைச் சாய்வின்றி இறக்குவதில் பன்னீர்செல்வத்துக்குப் பெயர் இருந்தது. செய்யூரிலிருந்துகூட ஆள் தேடி வருவதுண்டு. பேச்சு அவருக்குக் குறைவு. அந்தக் குறையை மனைவி அமிர்தவல்லி நிறைவு செய்தார்.

தொழிலில் அவர் கைக்கொண்ட விதி ஒன்றே: நீர் கீழே போனால் உறையும் கீழே போக வேண்டும். அவர் தந்தை காலத்திலிருந்து அந்த விதி பொய்த்ததில்லை. தொண்ணூறுகளில் ஆற்றில் நீர் ஓடும் ஆண்டுகள் அரிதாயின. படுகையிலிருந்து மணல் லாரி லாரியாகப் போயிற்று. சில கோடைகளுக்கு ஒருமுறை தெருக்கிணற்றில் ஓர் உறை கூடுதலாக இறங்கியது, நீரும் வந்தது.

2003ஆம் ஆண்டுக் கோடையில் அந்தக் கிணற்றில் குடம் சேற்றில் இடித்தது. அமிர்தவல்லியின் தம்பி சின்னராசு வந்து, ஒன்று போதாது, இரண்டாக இறக்கிவிடு என்றான். பன்னீர்செல்வமும் இரண்டு உறை இறக்கினார். நீர் பெருகியது. தெருவே கூடி மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றியது.

அடுத்த கோடையில் தேநீரில் பால் திரியத் தொடங்கியது. பழி முதலில் பால்காரர் தாவீதின்மேல் விழுந்தது. தண்ணீர் கலக்கிறாய் என்று பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

“கலக்கறன், இல்லன்னா சொன்னேன்?” என்றார் தாவீது. “ஆனா அது உங்க கெணத்துத் தண்ணிதாம்மா. வேற எங்க கீது தண்ணி?”

எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம்தான் ஒருத்தி கிணற்று நீரை வாயில் ஊற்றிப் பார்த்தாள். கரித்தது.

அந்த ஆண்டு டிசம்பரில் பேரலை வந்தது. ஆற்றின் வழியாகவே கடல் உள்ளேறி, தெருவில் முழங்கால் அளவு நின்று, வடிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. கிணற்றை இறைத்துப் பார்த்தார்கள். மறுபடியும் உப்பாகவே ஊறியது. சேதம் பார்க்க வந்த அதிகாரி இடிந்த சுவர்களையும் உடைந்த படகுகளையும் கணக்கில் எடுத்தார். கிணற்றை எட்டிப் பார்த்தவர், அது இடியவில்லையே, நீரும் நிறைய இருக்கிறதே என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. கிணறு இருந்தது, நீரும் இருந்தது. எதை இழந்தோம் என்று தெருவாருக்கு எடுத்துச் சொல்லத் தெரியவில்லை.

அதன்பின் எல்லாம் கடலால் வந்த கேடு என்ற முடிவுக்குத் தெரு வந்தது. பன்னீர்செல்வம் மட்டும் வரவில்லை. பால் திரிந்தது அலைக்கு முந்தைய கோடையில் அல்லவா? சின்னராசுவும் அதை மறக்கவில்லை. டீக்கடையில் நாலுபேர் நடுவில் ஒருநாள் சொன்னான்:

“கடலு ஒரு நாள்தான் வந்துச்சு. எம் மாமா அதுக்கு முன்னாடியே வழி வெட்டி வெச்சிருந்தாரு.”

கடை சிரித்தது, பன்னீர்செல்வமும் உடன் சிரித்தார். வீட்டுக்கு வந்தவர் சோற்றில் கைவைக்கவில்லை. அமிர்தவல்லி தம்பியின் வீட்டு வாசலுக்குப் போய்ச் சண்டையிட்டுத் திரும்பினார். அதனாலும் பயனில்லை. தாமே தெருவின் குடிநீரைக் கெடுத்துவிட்டோமா என்ற கேள்வி பன்னீர்செல்வத்துக்குள் தங்கிவிட்டது.

அணுபுரத்தில் குடியிருந்த ரவிச்சந்திரன் நிலத்தடி நீர் பற்றிப் படித்தவர். பன்னீர்செல்வம் சைக்கிளில் போய் அவரை அழைத்துவந்தார். ரவிச்சந்திரன் நீரைச் சோதித்துவிட்டுப் பொறுமையாக விளக்கினார். கடலோரத்தில் நல்ல நீர் மேலேயும் உப்புநீர் அடியிலும் நிற்கும். ஆழம் போனால் உப்பு மேலேறலாம். ஆற்றில் நீர் வராவிட்டாலும் ஏறலாம். படுகை மணல் குறைந்தாலும், கடல்மட்டம் சிறிது உயர்ந்தாலும் ஏறலாம். மழையின் முறையும் மாறிவருகிறது. அலையும் வந்துபோயிருக்கிறது.

பன்னீர்செல்வம் முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

“சார், இதுல என் பங்கு எவ்ளோ?”

“அதைத் தனியாப் பிரிச்சுச் சொல்ல முடியாதுங்க.”

“கொஞ்சமா? நெறையவா? அதயாச்சும் சொல்லு சார்.”

“உண்மையாவே தெரியலைங்க” என்றார் ரவிச்சந்திரன்.

குற்றவாளி என்று சொல்லியிருந்தால் பன்னீர்செல்வம் தெருவின் காலில் விழுந்திருப்பார். இல்லை என்றிருந்தால் உறங்கியிருப்பார். இரண்டுக்கும் இடமில்லாமல் போயிற்று.

2005ஆம் ஆண்டின் கடைசியில் ஆறு இரு கரையும் தொட்டு ஓடியது. தெற்குப் புறத்துப் பயிரெல்லாம் அழுகியது. ஆனால் கிணற்று நீர் இனித்தது. இதுதான் தருணம் என்று பன்னீர்செல்வம் கருதினார். இறக்கிய உறையை மேலே ஏற்ற இயலாது. அடியை மட்டும் தூர்க்கலாம். ஆற்றுமணலைக் கூடை கூடையாகக் கொட்டி, தாம் இறக்கிய இரண்டு உறை ஆழத்தையும் மூடினார். இருக்கிற தண்ணீரையும் மூடுகிறாயே என்று சின்னராசு தடுத்துப் பார்த்தான். அவர் நிறுத்தவில்லை.

மறு கோடையில் நீர் சிறிதே ஊறியது. விடியலில் முதலில் இறைத்தவர்களுக்கு நல்ல நீர் கிடைத்தது. வெயில் ஏறியபின் வந்தவர்களுக்கு உப்பு கிடைத்தது. முன்னவர்கள் பன்னீர்செல்வம் கிணற்றைக் காப்பாற்றினார் என்றார்கள். பின்னவர்கள் இரண்டாம் முறையும் கெடுத்தார் என்றார்கள். நேரம் கழித்து எழுந்த நாளில் அமிர்தவல்லியே இரண்டாவது கட்சியில் சேர்ந்தார்.

ஓரிரு ஆண்டில் சில குடும்பங்கள் கடலோரச் சாலைக்கு மேற்கே, மேட்டு நிலத்துக்குக் குடிபெயர்ந்தன. சின்னராசுவும் போனான். அங்கே கிணறு வேண்டும் என்றதும் வேறு ஆளைத் தேடாமல் மாமனிடமே வந்தான். பழைய பேச்சைப் பற்றி அவனும் வாய் திறக்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

உறைகள் சாயாமல் இறங்கின. பன்னீர்செல்வத்தின் பாதத்தைச் சுற்றி முதல் நீர் கசிந்தது. அள்ளிக் குடித்தார், இனித்தது. ஆனால் ஒரு கோடையைத் தாங்கும் அளவு இல்லை.

“இன்னும் ஒன்னு எறக்கலாமா மாமா?” என்று மேலிருந்து சின்னராசு கேட்டான்.

“தெரியல மச்சான்.”

கிணற்றைச் சுற்றி நின்றவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். இந்தக் கேள்விக்கு அவர் இப்படி விடை சொல்லி எவரும் கேட்டதில்லை.

“நீயே தெரியலன்னா நாங்க யாரக் கேக்கறது?” என்றான் சின்னராசு. இம்முறை அதில் கேலி இல்லை.

பன்னீர்செல்வம் மண்வெட்டியைக் கூடையில் வைத்துக் கயிற்றை அசைத்தார். மேலே நின்றவர்கள் கூடையை இழுத்துக்கொண்டார்கள். அவர் மட்டும் கணுக்கால் அளவு நீரில் அங்கேயே நின்றிருந்தார்.