பனிமலையில் எரிந்த மஞ்சள் விளக்கு

கர்த்தர் உயிரோடு வைத்திருப்பதால்தான் இன்று ஷார்ஜாவில் உங்கள் முன் நிற்கிறேன், பிரியமானவர்களே! அன்று என் கதை முடிந்தது என்றே நினைத்தேன்.

சுனாமிக்கு மறு வருஷக் குளிர்காலம். சவுதியில் தபூக் பக்கம் ஓர் அரபி வீட்டில் டிரைவராக இருந்தேன். மலையில் பனி விழுந்திருக்கிறது என்று போன் வந்ததும் வீடே அமர்க்களப்பட்டது. நான் பாபா என்று கூப்பிடும் முதலாளி, மேடம், மூன்று பிள்ளைகள், காபி, விறகு, எல்லாவற்றையும் ஃபோர் வீல் வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். தூத்துக்குடிக்காரன் நான் பனியை எங்கே கண்டேன்! பிள்ளைகளைவிட எனக்குத்தான் குஷி அதிகம்.

வழியில் மணல். மணலில், சக்கரம் வழுக்கிச் சுற்றாமல் பிடிக்கிற டிராக்‌ஷன் கன்ட்ரோலை அணைத்துவிடுவோம். இல்லையென்றால் அது இன்ஜினை அடக்கி வண்டியைச் சிக்க வைத்துவிடும். கை தானாகவே போய் அணைத்தது. மறுபடி போட மறந்து, அப்படியே மலையிலும் ஏறிவிட்டேன்.

உச்சிக்குக் கிட்டே ஓர் ஏற்றம். சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை. பின்புறம் மெல்ல வலப்பக்கம் வழுக்குகிறது. அங்கே பள்ளம்!

"யல்லா, மிதி, மிதி!" என்று முதலாளி கத்தினார். மிதித்தால் இன்னும் வழுக்கியது. பிள்ளைகள் அலறினார்கள். வேறு மத ஜெபம் வெளியே கூடாத அந்த நாட்டில் மனதுக்குள்ளேதான் ஜெபிப்பேன். அன்று வாய்விட்டே கதறினேன்.

"இயேசப்பா, இந்தப் பிள்ளைகளக் காப்பாத்தும்!"

அடுத்த நொடி, பின்சீட்டிலிருந்து மேடம் கேட்டார். "ஜெயராஜ், அந்த மஞ்சள் லைட் ஏன் எரியுது?"

டிராக்‌ஷன் கன்ட்ரோல் அணைந்திருப்பதைக் காட்டும் விளக்கு! சட்டென்று பட்டனை அழுத்தினேன். காலை எடுத்து, மறுபடி மெல்ல மிதித்தேன். அடியில் கடகடவென்று சத்தம். பனியில் சும்மா சுற்றிய சக்கரங்களை அந்தக் கன்ட்ரோல் பிரேக் பிடித்து அடக்க, சரளைக் கல்லில் நின்ற இடப்பக்கச் சக்கரங்களுக்குப் பலம் போனது. வண்டி தரையைக் கவ்வியது. ஏறியது! அல்லேலூயா!

சமதளத்தில் நிறுத்தினேன்.

"யாரைக் கூப்பிட்ட?" என்றார் முதலாளி.

வேலை போனால் போகட்டும். "இயேசுவை, பாபா."

மேடம்தான் சொன்னார். "இறங்கும்போதும் கூப்பிடு. இன்னும் கீழே போகணுமே."

அன்று முதல், சாவி போடும் முன் வாய்விட்டு ஜெபிக்கிறேன். பயம் போயே போய்விட்டது. பிரியமானவர்களே, இறங்கும்போதும் அவர் வேண்டும் என்று அந்த அம்மாவுக்கே புரிந்தது. ஏறியதும் மறந்துவிடுகிற நமக்குப் புரிய வேண்டாமா? கூப்பிடுங்கள், அவர் கேட்கிறார்!