ஆடாதொடைப் பொட்டலம்

அவரை நான் மன்னிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயதாகிவிட்டது, பழசையெல்லாம் மறந்துவிடுங்கள் என்று என் மனைவி உட்படப் பலர் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். மறந்துவிட்டு வருவதற்கு அது என்ன பஸ்ஸில் வைத்த குடையா?

எண்பதுகளின் பிற்பகுதியில் நாங்கள் ராஜகீழ்ப்பாக்கத்தில் குடியிருந்தோம். வாரத்தில் ஆறு நாள் நான் தாம்பரத்தில் ஒரு அலுவலகத்தில் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் வர்ணனையாளன். ஏரிக்கரையை ஒட்டிய மைதானத்தில் டோர்னமென்ட் நடக்கும். ஷாமியானாவுக்கு அடியில் ஒரு மேஜை, மைக் செட், மரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி. மேஜைக்குப் பின்னால் இரண்டு நாற்காலி. ஒன்றில் நான், இன்னொன்றில் அவர். அவர் பெருங்களத்தூர்க்காரர். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஸ்கூட்டர் உதிரிபாகக் கடை வைத்திருந்தார். ஐந்து ஓவர் நான் பேசினால் அடுத்த ஐந்து ஓவர் அவர் பேசுவார். நான்கு வருடம் இப்படி ஓடியது. என்னை அவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவார்.

இரண்டு பேருமே வானொலியில் குரல் தேர்வில் தேறியிருந்தோம். சின்னச் சின்ன போட்டிகளுக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வருடம் சேப்பாக்கத்தில் பொங்கலுக்கு டெஸ்ட் மேட்ச். தமிழ் வர்ணனைக்குப் புதிதாக ஒருவரைச் சேர்க்கப் போகிறார்கள், அது நானா அவரா என்பதுதான் பாக்கி என்று நிலையத்தில் பேச்சு. எனக்குத்தான் என்று நான் நினைத்தேன். அவரும் அப்படியே நினைத்தார் என்பது பிறகுதான் எனக்கு விளங்கியது.

என் குரலைப் பற்றி எனக்குத் தலைக்கனம் உண்டு. அதை மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. எட்டு மணி நேரம் பேசினாலும் கம்மாது. யாராவது ரகசியம் கேட்டால், இது ஆண்டவன் கொடுத்தது, நான் மிட்டாய்கூடச் சப்புவதில்லை என்பேன். சுத்தப் பொய். ஆடாதொடை இலையும் தூதுவளையும் நிழலில் காயவைத்து, கரகரப்பாக நொறுக்கி, காகிதத்தில் மடித்துப் பையில் வைத்திருப்பேன். பிளாஸ்கில் வெந்நீர். இடைவேளையில் ஷாமியானாவுக்குப் பின்னால் போய்க் கலந்து குடித்துவிட்டு வருவேன். இலையை மனைவி மாடியில் துணிக்கு அடியில்தான் உலர்த்துவாள், பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்துவிடக் கூடாதென்று. வெளியாட்களில் இது தெரிந்தவர் அவர் ஒருவர்தான். தெரிந்தவர் என்ன, வாராவாரம் என் பிளாஸ்கின் மூடியில் ஊற்றிக் குடித்தவர். கசப்பில் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "மச்சான், இன்னும் கொஞ்சம் ஊத்து" என்பார்.

கார்த்திகை மாதத்து ஞாயிறு ஒன்றில் போலீஸ் வந்தது. ஏரிக்கரையில் கஞ்சா விற்கிறார்கள் என்று யாரோ புகார் கொடுத்திருந்தார்கள். சப் இன்ஸ்பெக்டரும் நான்கு கான்ஸ்டபிளும் மைதானத்தில் இருந்த எல்லார் பையையும் கொட்டிப் பார்த்துக்கொண்டே வந்து, எங்கள் மேஜையையும் அடைந்தார்கள். என் பையிலிருந்து பொட்டலம் விழுந்தது.

"இன்னாய்யா இது?"

மைக் அணைக்கப்படவில்லை. எதிரே முந்நூறு பேர். ஆண்டவன் கொடுத்த குரல் என்று போன வாரம்கூட மைக்கில் பீற்றிக்கொண்டவன் நான். வாயில் வந்தது, "டீத்தூள் சார்."

சப் இன்ஸ்பெக்டர் பிரித்து முகர்ந்தார். "பச்சையா கீது. இது டீத்தூளா?"

அந்தப் பொய் என்னுடையது. அதற்கான தண்டனையை நான் ஒப்புக்கொள்கிறேன். உடனே உண்மையைச் சொன்னேன், ஆடாதொடை சார், தொண்டைக்கு என்றேன். ஒரு தடவை பொய் சொன்னவனின் இரண்டாவது பேச்சை எந்தப் போலீஸ்காரர் நம்புவார்? சப் இன்ஸ்பெக்டர் என் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார்.

"நீதானே கூட உக்காந்து பேசறவன். இன்னா இது, சொல்லு."

என் கூட்டாளி பொட்டலத்தைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. "தெரியாது சார். நான் இத பாத்ததே இல்ல. அது அவரு பை."

மச்சானாக இருந்த நான் ஒரே நொடியில் 'அவரு' ஆகிவிட்டேன். கோபம் வர வேண்டிய இடத்தில் எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, அவர் விளையாடுகிறார் என்று நினைத்து. ஜீப்பில் ஏறின பிறகுதான் அது விளையாட்டில்லை என்று புரிந்தது.

ஸ்டேஷனில் சாயங்காலம் வரை உட்கார வைத்தார்கள். மனைவி ஓடிவந்து, நான்தாங்க காயவெச்சேன், வேணும்னா இங்கயே கஷாயம் போட்டுக் குடிச்சுக் காட்டறேன் என்று அழுதாள். பொண்டாட்டி வேற என்னம்மா சொல்லுவா என்றார் சப் இன்ஸ்பெக்டர். பொட்டலத்தைச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு விட்டார்கள். மறுநாள் மாலைப் பத்திரிகை ஒன்றில், வானொலி வர்ணனையாளர் பையில் கஞ்சாவா என்று கேள்விக்குறி போட்டு வந்தது. அந்தக் கேள்விக்குறியை நான் ஒருவன்தான் படித்தேன். தாம்பரத்தில் மற்ற யாருக்கும் அது கண்ணில் படவில்லை.

பிறகு நடந்ததைச் சொல்ல இப்போதும் பல்லைக் கடிக்க வேண்டியிருக்கிறது. அலுவலகத்தில் கேன்டீன் மேஜையில் நான் உட்கார்ந்தால் பேச்சு நிற்கும். மின்சார ரயிலில் முகம் தெரியாத ஒருத்தன், "சார், நமக்கும் கொஞ்சம் கெடைக்குமா" என்று காதில் கேட்டான். என்னிடம் இந்தி படிக்க வந்துகொண்டிருந்த எதிர் வீட்டுப் பெண்ணை நிறுத்திவிட்டார்கள். அவளுடைய அப்பா வாசலில் என்னைக் கண்டால் செருப்பைக் குனிந்து பார்ப்பார். ரேஷன் கடை வரிசையில் என் மனைவியிடம் ஒருத்தி, "வூட்டுக்குள்ளயே வெச்சு உருட்டுவாரா" என்று விசாரித்தாள். நிலையத்திலிருந்து, விசாரணை முடியும்வரை தங்களை அழைக்க இயலாது என்று ஒரு வரியில் கடிதம் வந்தது.

பொங்கல் டெஸ்ட் வந்தது. வீட்டில் ரேடியோவைத் திருப்பினேன். "வணக்கம் நேயர்களே" என்றார் அவர். குரல் கணீரென்று இருந்தது. நான்கு வருடம் என் கஷாயத்தைக் குடித்த தொண்டை, இருக்காதா பின்னே? ஐந்து நாளும் ஒரு பந்து விடாமல் கேட்டேன். அணைத்துவிடுங்களேன் என்று மனைவி கெஞ்சினாள். கேட்கக் கேட்கத்தான் எனக்குள் அது நன்றாக ஊறியது.

ஏழு மாதம் கழித்துச் சோதனை முடிவு வந்தது. போதைப்பொருள் எதுவும் இல்லை, மூலிகை இலைகள். நகலை எடுத்துக்கொண்டு அந்தப் பத்திரிகைக்கு மூன்று தடவை போனேன். பழைய செய்தியை எவன் சார் படிப்பான் என்றார்கள். நிலையத்துக்கு ஓயாமல் மனுப் போட்டு, மறுபடி குரல் தேர்வுக்குப் போய், ஒருவழியாக என்னை உள்ளே விடுவதற்குள் தொண்ணூறுகளில் பாதி போய்விட்டது. அப்போதும், கஞ்சா அடிப்பவரை ஏன் பேச விடுகிறீர்கள் என்று நேயர் கடிதம் வந்துகொண்டுதான் இருந்தது. அரசாங்க முத்திரை குத்திய காகிதம் என் பெட்டியில் இருந்து என்ன பயன்? ஊருக்குத் தெரிய வேண்டும். அதையும் அவர் வாயால் சொல்ல வேண்டும். நான் உயிரோடு இருந்து வேண்டியது அது ஒன்றைத்தான்.

அவர் அதற்குள் பெரிய ஆளாகியிருந்தார். வழியில் பார்த்தால், "நல்லா கீறியா மச்சான்" என்று தோளில் கை போடுவார். நானும் சிரிப்பேன். சிரிப்பில் நான் குறை வைத்ததே இல்லை.

ஒரு ஐப்பசியில் எங்கள் இருவரையும் ஒரே போட்டிக்குப் போட்டார்கள். மாநிலங்களுக்கு இடையிலான ஆட்டம், சேப்பாக்கம். மதியம் மழை பிடித்துக்கொண்டது. வழக்கமாக மழை வந்தால் நிலையத்தில் பாட்டுப் போட்டுவிடுவார்கள். அன்று அங்கே ஏதோ கோளாறு. கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்த என்ஜினியர் விரலைச் சுழற்றிக் காட்டினார், பேசிக்கொண்டே இருங்கள் என்று. மழை நேரத்தில் வர்ணனையாளன் வாய் மூடக் கூடாது. பழைய ஆட்டங்களைப் பற்றிப் பேசுவோம், நேயர் கடிதங்களுக்குப் பதில் சொல்வோம். மௌனம் மட்டும் ஒலிபரப்பாகக் கூடாது. வேலைக்கே உலை வைத்துவிடும்.

அவர் பத்து நிமிடம் பேசிக் களைத்து, மைக்கை என்னிடம் தள்ளினார்.

"நேயர்களே, இந்த மழை எனக்கு ஒரு சம்பவத்தை நினைவூட்டுகிறது" என்று ஆரம்பித்தேன். நல்ல தமிழில், நிதானமாக, ஒரு பெயரும் சொல்லாமல் சொன்னேன். ஏரிக்கரை மைதானம், இரண்டு வர்ணனையாளர்கள், பிளாஸ்க், இலைப் பொட்டலம், காவலர்கள். டீத்தூள் என்று ஒருவன் உளறியதையும் விடவில்லை. அவர் முதலில் என் முழங்கையைத் தட்டினார். பிறகு தட்டுவதை நிறுத்திவிட்டார். சோதனை முடிவு வரை சொல்லிவிட்டு அவர் பக்கம் திரும்பினேன்.

"நண்பரே, அந்த இலை என்னவென்று பக்கத்திலிருந்தவருக்குத் தெரியுமா, தெரியாதா? தாங்கள் என்ன நினைக்கிறீர்கள்?"

மைக்கை அவருக்கு முன்னால் நகர்த்தினேன்.

அவர் பேசவில்லை. என்ஜினியர் கண்ணாடியைத் தட்டினார். கூரையில் மழை விழும் சத்தம் மட்டும் போய்க்கொண்டிருந்தது, தமிழ்நாடு முழுக்க. அவர் நெற்றி வேர்த்தது. நான் உதவிக்குப் போகவில்லை. ஒரு வார்த்தை போட்டு நான் காப்பாற்றியிருக்கலாம். கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு சுகமான மழையை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

கடைசியில், வானொலித் தமிழெல்லாம் கழன்றுபோய், கடையில் பேசுகிற பேச்சில் சொன்னார்: "தெரியும்பா. ஆடாதொட அது. நானும்தான் குடிச்சேன். எனக்கு அந்த டெஸ்ட் மேட்ச் வேணும்னு இருந்துச்சு."

நான் மைக்கை இழுத்துக்கொண்டேன். நன்றி என்று சொல்லிவிட்டு, ஆட்டம் நின்றபோது இருந்த ரன் எண்ணிக்கையை வாசித்தேன்.

மறுநாள் எதிர் வீட்டுக்காரர் தானே வந்து மணியடித்து, "ரேடியோ கேட்டேன் சார்" என்றார். தெருவில் பலரும் கேட்டிருந்தார்கள். ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். பிறகு நிலையத்திலிருந்து இருவருக்கும் கடிதம் வந்தது. ஒலிபரப்பைச் சொந்த விவகாரத்துக்குப் பயன்படுத்தியதற்கு விளக்கம் தர வேண்டும், அதுவரை அழைப்பு கிடையாது.

அடுத்த ஞாயிறு மதியம் அவர் என் வீட்டுக்கு வந்தார். ஆள் இளைத்திருந்தார். கையில் ஒரு தாள், டைப் அடித்தது.

"ஆபீசர்கிட்ட பேசிட்டேன் மச்சான். மழை நேரத்துல சுவாரசியமா இருக்கட்டும்னு ரெண்டு பேரும் பேசி வெச்சுகினு போட்ட நாடகம், எல்லாம் கற்பனைன்னு எழுதிக் குடுத்தா போதுமாம். ரெண்டு பேரையும் கூப்புடுவாங்க. ஒரு கையெழுத்துதான்."

கீழே அவர் ஏற்கெனவே போட்டிருந்தார். என் பெயருக்கு மேல் இடம் காலியாக இருந்தது. அந்தத் தாளை நான் இரண்டு தடவை படித்தேன். எனக்கும் மைக் வேண்டும். எவ்வளவு வேண்டும் என்பது அவருக்கும் தெரியும்.

"எல்லாம் கற்பனைன்னா ஆடாதொடையும் கற்பனைதானே? அப்ப என் பையில இருந்தது என்ன?" என்றேன்.

அவர் பேனாவை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

"நீங்க போட்ட கையெழுத்தை நீங்களே வெச்சுக்குங்க" என்று தாளை மடித்து அவர் சட்டைப் பையில் வைத்தேன்.

"மச்சான், என் பொழப்பே அதுதான்பா இப்ப. கடையகூட மூடிட்டேன்" என்றார். கண்ணில் நீர் நின்றது.

"அப்படியா, எனக்குத் தெரியாதே" என்றேன்.

அதற்குப் பிறகு வானொலியில் அவர் குரலும் வரவில்லை, என் குரலும் வரவில்லை. அன்று அவர் கேட்டைச் சாத்திவிட்டு பஸ் ஸ்டாப்பை நோக்கிப் போகிறவரை ஜன்னலில் நின்று பார்த்தேன். மனைவி தட்டை வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். எனக்கு நன்றாகப் பசித்தது. இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டேன்.