சுவரில் விட்ட ஓட்டைகள்

தடுப்புச் சுவர் கட்டும் தொழிலில் ஒரு சௌகரியம், சுவர் நிற்கிறவரை நம்மை யாரும் தேட மாட்டார்கள். என்னைப் போல மண்ணோடு மல்லுக்கட்டி நொந்த இன்ஜினீயர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

அகலக் கால்

எழுபதுகளில் தூத்துக்குடியில் புதுத் துறைமுக வேலை மும்முரமாக நடந்தது. சாயர்புரத்திலிருந்து சைக்கிளில் வந்து ஒரு கான்டிராக்டரிடம் சேர்ந்தேன். லாரிகள் நிற்பதற்கு மணல் கொட்டி மேடாக்கிய இடம் ஒன்று. அந்த மணல் சரியாமலிருக்கப் பத்தடி உயரச் சுவர். என் முதல் டிசைன் அதுதான். சுவரின் அடிவாரத்தில் ரோசம்மாக்காவின் இடியாப்பக் கடை. புருஷனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, இரண்டு பெண் பிள்ளைகளோடு அங்கேயே குடியிருந்தார்.

ஆழம் கூடக் கூட மண் சுவரைத் தள்ளுவதும் கூடும். அதைக் கணக்கிட்டு, சுவர் கவிழாதபடி அடிப்பாகத்தை நன்றாக அகலப்படுத்தியிருந்தேன். மேஸ்திரி சூசை படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சொவரு மேல நிக்கப் போவுது. நீங்க பாதிச் சிமெண்டைக் கீழ பொதைக்கச் சொல்லுதியளே சார்?”

ரோசம்மாக்காவின் சந்தேகம்

மணலுக்குள் இறங்கும் மழைத் தண்ணீர் வெளியேறச் சுவரில் வரிசையாகக் குழாய்த் துண்டுகள் பதித்தோம். காய்ந்த மணலுக்குத்தான் என் கணக்கு. தண்ணீர் தேங்கினால் தள்ளுகிற விசை இரண்டு மடங்கையும் தாண்டிவிடும். அக்கா அந்த ஓட்டைகளைப் பற்றிக் கேட்டபோது இதைச் சொல்லியிருக்கலாம். “அது இன்ஜினீயரிங், உங்களுக்குப் புரியாது” என்று சிரித்துவிட்டேன். இருபத்து மூன்று வயதுத் திமிர், வேறென்ன. அவர் கோபப்படவில்லை. இலையில் இன்னொரு இடியாப்பத்தை வைத்துவிட்டுச் சொன்னார்: “நாங்க ஓட்டை விழுந்தா அடைப்போம். நீங்க புதுச் சொவத்துல ஓட்டை போடுதிய. நல்ல படிப்புதான் தம்பி.”

திருவிழா வெள்ளை

மாதா கோயில் திருவிழா வந்தால் அந்தத் தெருவில் வெள்ளையடிக்காத சுவர் இருக்காது. என் சுவரும் தப்பவில்லை. சிப்பிச் சுண்ணாம்பு பூசிப் பளபளவென்று நின்றது. அன்று அக்கா வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. தேங்காய்ப்பால் ஊற்றிய அந்த இடியாப்பத்தின் ருசிக்காகவே அந்த வருஷங்களுக்குத் திரும்பிப் போகலாம் என்று இன்றும் தோன்றும். சாப்பிட்டுக்கொண்டே, சுவர் அழகாக இருக்கிறது என்று நானே பாராட்டினேன். என் கண்ணுக்கு வித்தியாசமாக ஒன்றும் படவில்லை. அக்காவுக்கு வாயெல்லாம் பல். “இப்பதான் மாதா தேர் வார தெரு மாதிரி இருக்கு.”

ஐப்பசி

மூன்று நாள் விடாத மழை. காலையில் சூசை ஆளனுப்பினார். போய்த் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால், சுவர் கடைப் பக்கமாக நான்கு விரற்கடை சாய்ந்திருந்தது. ஒரு குழாயிலும் சொட்டுத் தண்ணீர் இல்லை. குழாய்களின் வாயே தெரியவில்லை! பழைய வலைக் கந்தலைத் திணித்து, மேலே சுண்ணாம்பு பூசி அடைத்திருந்தார்கள்.

உள்ளே அக்காவும் பிள்ளைகளும் மாவு பிழிந்துகொண்டிருந்தார்கள். கூலியாட்கள் பசியோடு வருவார்கள், அடுப்பை அணைக்க முடியாது என்றார் அக்கா. நான் கத்தியே விட்டேன். மூவரும் வெளியே வந்த பிறகு சூசை கடப்பாரையை எடுத்தார். என் சுவர், நான்தான் குத்துவேன் என்று வாங்கிக்கொண்டேன். மூன்றாவது ஓட்டை திறந்ததும் செந்தண்ணீர் பீறிட்டு அடுப்பு, மாவு, தட்டு எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போனது. மத்தியானம் மறுபடி தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தேன். சுவர் அதற்கு மேல் அசையவில்லை.

நனைந்த பிள்ளைகளை அணைத்தபடி அக்கா என்னைப் பார்த்தார். “இம்புட்டுத் தண்ணி பின்னால நிக்கும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் அடைச்சிருப்பேனா தம்பி?”

மண் எவ்வளவு தள்ளும் என்று தசமப் புள்ளிவரை கணக்குப் போட்ட எனக்கு, சுவரடியில் குடியிருந்தவரிடம் ஒரு நிமிஷம் பேசத்தான் நேரமில்லாமல் போயிருந்தது.