தையல்காரரின் பெரிய கோட்டு

என் அக்கா ஆட்களை அக்கரைக்கு அனுப்பிவைக்கிறவள். கேட்டால் ஏதோ சாமியார் வேலை மாதிரி இருக்கும். அப்படியெல்லாம் இல்லை. எங்கள் துறைக்கு எதிரே ஒரு சின்னத் தீவு இருக்கிறது. கல்யாணம் என்றால் அங்கேதான் என்று சில பேர் ஒற்றைக்காலில் நிற்பார்கள். அவர்களுக்கு இடம் பார்த்து, சமையலுக்குச் சொல்லி, நாற்காலியிலிருந்து மாலை வரைக்கும் படகில் ஏற்றி, கடைசியில் விருந்தாளிகளையும் ஏற்றிவிடுவது அவள் தொழில். நான் தங்கை, கூடமாட ஒத்தாசைக்கு இருக்கிறேன். அவளுக்குப் பொறுமை அதிகம், எனக்கு வாய் அதிகம். துறையில் எல்லோரும் அவளைப் பெரியக்கா என்றும் என்னைச் சின்னக்கா என்றும் கூப்பிடுவார்கள். உடம்பைப் பார்த்துப் பேர் வைத்திருந்தால் மாற்றித்தான் வைத்திருக்க வேண்டும்.

இதற்கு முன்னால் அவள் பேருந்து நிலையத்தில் விசாரணைக் கவுன்டரில் இருந்தாள். தலைக்கு மேலே கொட்டை எழுத்தில் எழுதிப் போட்டிருப்பதற்குக் கீழேயே நின்றுகொண்டு, வண்டி எப்போது என்று கேட்பார்கள். சொன்னால் நன்றாகத் தலையாட்டிவிட்டு, நேராகப் போய் வேறு வண்டியில் ஏறி உட்காருவார்கள். வாயால் சொல்லி ஒரு ஜனமும் கேட்காது என்பதை அவள் அங்கேதான் தெரிந்துகொண்டாள். அதனால் கல்யாணத்துக்கு வருகிற எல்லோருக்கும் மணிக்கட்டில் ரிப்பன் கட்டிவிடுவாள். பச்சை என்றால் முதல் நடை, மஞ்சள் இரண்டாவது, சிவப்பு கடைசி. வயசானவர்களுக்கும் வீட்டு ஆட்களுக்கும் பச்சை. காலையில் கடல் சாதுவாக இருக்கும், வெயில் ஏற ஏறத்தான் அதற்குக் குணம் மாறும்.

அவளுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. கடைசி ஆள் ஏறும்வரை இந்தக் கரையை விட்டு நகர மாட்டாள். ஏறிய பிறகும் கூடப் போக மாட்டாள். "இந்தப் பக்கம் ஒரு ஆள் வேணும்ல" என்பாள். இத்தனை வருஷத்தில் தான் நடத்திவைத்த ஒரு கல்யாணத்தைக்கூட அவள் கண்ணால் பார்த்ததில்லை. கடமை என்றால் என் அக்காதான் என்று நான் போகிற வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

ஜெராக்ஸ் கடை மாடியில் எங்களுக்கு ஒரே ஓர் அறை. அங்கேதான் அந்தப் பெண் வந்தாள். பல் டாக்டரிடம் உதவியாளராக வேலை பார்க்கிறவள். மாப்பிள்ளை தீவுக்காரன், அங்கே பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அவன் அம்மா படுத்த படுக்கையாகிப் பல காலம். முதலில் இந்தப் பக்கம்தான் மண்டபம் பார்த்தார்களாம். பெண்ணின் அப்பா மறித்துவிட்டார். "பெத்தவ அங்க படுத்துக் கெடக்கறப்ப பையனுக்கு இங்க கல்யாணமா? நல்லாவா இருக்கு? நாமதான் போகணும்" என்றாராம். அவர் ஒரு தையல்காரர். மனைவி இல்லை. மகளைத் தனியாக வளர்த்தவர்.

அந்தப் பெண் பந்தி, பூ, போட்டோ எதைப் பற்றியும் பெரிதாகப் பேசவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அக்கா, எது முன்னப்பின்ன இருந்தாலும் பரவால்ல. எங்கப்பாவ மட்டும் முதல் படகுல ஏத்திடுங்க. எந்த விசேஷத்துக்குப் போனாலும் எல்லாரையும் உக்கார வச்சு, எல்லாரும் சாப்ட்டப்புறம் மிச்சம் இருந்தா சாப்பிடற ஆளு அவர். என் கல்யாணத்துலயாவது முன்னாடி வந்து நிக்கணும். அவர் வராம நான் மேடை ஏற மாட்டேன்."

"முதல் ஆளா ஏத்தறேம்மா. அது எம் பொறுப்பு" என்றாள் அக்கா. அவள் சாதாரணமாக இப்படி வாக்குக் கொடுக்கிறவள் இல்லை.

கல்யாணத்துக்கு முதல் நாளே பெண் தீவுக்குப் போய்விட்டாள். மறுநாள் காலையில் நாங்கள் துறைக்கு வந்தபோது, கொடிக்கம்பத்தின் அடியில் துறை அதிகாரி வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "மதியத்துக்கு மேல காத்து வலுக்கும் பெரியக்கா. செவப்புக் கொடி ஏத்திட்டேன்னா யார் வந்து கேட்டாலும் படகு போகாது. சீக்கிரம் முடிச்சிடுங்க" என்றார். அக்கா ரிப்பன் உருளையை எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகக் காத்திருக்கும் அறைக்குப் போனாள்.

தையல்காரர் எங்களுக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். அந்தப் புழுக்கத்தில் கழுத்துவரை பொத்தான் போட்ட கறுப்புக் கோட்டு. கோட்டா அது? மெத்தைக்கு உறை போட்ட மாதிரி இருந்தது. ஊருக்கெல்லாம் அளவெடுத்துத் தைக்கிற மனுஷனுக்கு மகள் கல்யாணத்துக்குத் தனக்கொரு கோட்டு அளவாய்த் தைத்துக்கொள்ள வரவில்லையே என்று நினைத்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். அக்கா அவருக்குப் பச்சை ரிப்பன் கட்டி, "நீங்கதான்யா மொத ஆளு" என்றாள். அவர் இரண்டு கையையும் கூப்பினார்.

முதல் படகு நிறைந்தது. ஏறவேண்டிய ஆளைக் காணோம். பார்த்தால் படிக்கட்டுக்கு மேலே மஞ்சள் ரிப்பனோடு நிற்கிறார். அவருடைய பச்சை, தாமதமாக வந்து மஞ்சள் கட்டிக்கொண்ட மாப்பிள்ளையின் பெரியம்மா கையில் இருந்தது. "பாவம், கால் வலிக்குதுன்னாங்க. அவங்க மொதல்ல போகட்டும்மா. நான் அடுத்ததுல வந்துடறேன்" என்றார். பெண்ணைப் பெற்றவர், வயசில் பெரியவர், முகமெல்லாம் சிரிப்பு. கையைப் பிடித்தா இழுக்க முடியும்? அக்கா தலையாட்டினாள். படகோட்டியைக் கேப்டன் என்றுதான் கூப்பிடுவோம். அவர் கயிற்றை அவிழ்த்தார்.

இரண்டாவது படகுக்கு நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் நின்றேன். ஒரு புருஷன் பெண்டாட்டி கைக்குழந்தையோடு லேட்டாக வந்தார்கள். அவர்களுக்குச் சிவப்பு கட்டலாம் என்று திரும்பினால், அந்த அம்மா கையில் மஞ்சள் தொங்குகிறது. தையல்காரர் படிக்கட்டை விட்டுத் தள்ளி நின்று குழந்தைக்குக் கையாட்டிக்கொண்டிருக்கிறார். எனக்கு வந்ததே கோபம்.

"ஐயா, இது என்ன பந்தியா? எல்லாரும் உக்காந்தப்புறம் நீங்க உக்காறதுக்கு?"

"கைப்புள்ளம்மா. வெயில்ல எப்படி நிக்கும்? அடுத்ததுல கண்டிப்பா வந்துடறேன்."

காற்று அதற்குள் திசை மாறியிருந்தது. படகுத்துறையின் தூண்களில் தண்ணீர் அறைந்து, அறைந்த வேகத்தில் படியில் தெறித்தது. தீவிலிருந்து போன் வந்தது. "அக்கா, ரெண்டு படகு வந்துடுச்சு, அப்பாவக் காணோமே" என்றாள் பெண். "அடுத்ததுல வர்றார்மா" என்று சொல்லிவிட்டு அக்கா போனைச் சட்டென்று வைத்துவிட்டாள். வாக்குக் கொடுத்தவள் அவள், தவறவிட்டதும் அவள்.

மூன்றாவது நடை. இந்த முறை அக்காவே அவர் முழங்கையைப் பிடித்துப் படியில் இறக்கினாள். கேப்டன் கை நீட்டினார். தையல்காரர் ஒரு காலைத் தூக்கினார். படகு ஒரு சாண் கீழே இறங்கியது, மறுபடி ஏறியது. தூக்கின காலை அவர் அப்படியே பின்னால் வைத்தார். "மாலைப் பெட்டிய உள்ள விட்டுட்டு வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று படியேறி அறைக்குள் போய்விட்டார். மாலைகள் முதல் படகிலேயே போயாயிற்று.

"சின்னக்கா, இத்தனை பேர வச்சுக்கிட்டு நான் நிக்க முடியாது" என்று கத்தினார் கேப்டன். அவர் சொன்னதும் நியாயம்தான். படகில் இருந்தவர்கள் முகமெல்லாம் வெளுத்திருந்தது. அவர் கிளம்பிவிட்டார்.

நான் துறை அதிகாரியிடம் ஓடினேன். அவர் கையில் கொடி சுருட்டியபடி தயாராக இருந்தது. "கேப்டன் இவங்கள எறக்கிட்டு வர்றதுக்குள்ள காத்து முத்தலேன்னா ஒரே ஒரு தடவ விடறேன். அதுக்குமேல என்னக் கேக்காதீங்க. போனவங்க நாளைக்குத்தான் திரும்ப முடியும்" என்றார்.

அறைக்குள் நுழைந்தபோது தையல்காரர் பிளாஸ்டிக் நாற்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்தார். வேர்வை தாடையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அக்கா அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, அந்தக் கோட்டின் மேல் பொத்தானை அவிழ்த்தாள். அடுத்ததையும் அவிழ்த்தாள். உள்ளே பளிச்சென்று ஆரஞ்சு நிறம். லைஃப் ஜாக்கெட்.

மனுஷன் அதை வீட்டிலிருந்தே போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். அதற்கு மேலே பொருந்துகிற அளவுக்குக் கோட்டு தைத்திருக்கிறார். நான் காலையில் சிரித்த சிரிப்பு எனக்கே கசந்தது.

"தண்ணின்னாலே ஆகாதும்மா. சின்ன வயசுலேர்ந்தே. கிணத்தக்கூட எட்டிப் பாக்க மாட்டேன்" என்றார் அவர். "இத மாட்டிக்கிட்டா ஏறிடலாம்னு நெனச்சேன். ஒவ்வொரு படகுக்கும் ஏறிடலாம்னுதான் நெனச்சேன். எம் பொண்ணுகிட்ட மட்டும் சொல்லாதீங்க. என்னாலதான் கல்யாணத்த அங்க வச்சோம். தெரிஞ்சா அவ ஒடஞ்சு போயிடுவா."

அக்கா அவிழ்த்த பொத்தான்களை மறுபடி போட்டுவிட்டாள்.

"எனக்கும் பயந்தான்யா" என்றாள். "இவ்வளவு பேர ஏத்தி விட்டிருக்கேன். நான் ஒரு தடவகூட ஏறினதில்ல."

கடமையாம் கடமை. கூடப் பிறந்தவள், ஒரே தட்டில் சாப்பிட்டவள், என்னிடம்கூட ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது எனக்கு.

தையல்காரர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப ரெண்டு பேருமே இங்க இருந்துடலாம்மா" என்றார். அது வேடிக்கையாகச் சொன்னதா என்று தெரியவில்லை. யாரும் சிரிக்கவில்லை.

போன் அடித்தது. பெண்தான். மூன்றாவது படகும் போய்ச் சேர்ந்துவிட்டது. தையல்காரர் எடுக்க வேண்டாம் என்று கையசைத்தார். அக்கா எடுத்தாள். இன்னொரு பொய் சொல்ல அவளால் முடியவில்லை.

"அப்பா எங்கூடத்தாம்மா இருக்கார். கோட்டுக்குள்ள லைஃப் ஜாக்கெட் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கார். கால் வர மாட்டேங்குது அவருக்கு."

காற்று இரைவது மட்டும் போனில் கேட்டது. பிறகு, "அவர்கிட்ட குடுங்க" என்றாள் பெண். அக்கா போனை அவர் காதருகே பிடித்தாள். எனக்கும் கேட்டது.

"அப்பா, பிளவுஸ் கொக்கி தெறிச்சிடுச்சுப்பா. பின்னாடி மொத்தமாத் திறந்துக்கிட்டு நிக்குது. இங்க யாருக்கும் தைக்கத் தெரியல. நான் எப்படி வெளிய வர்றது? ஊசி நூல எடுத்துக்கிட்டு வாங்க."

"எந்தக் கொக்கி? மேலதா, நடுவுலயா?"

"எல்லாந்தான். சீக்கிரம் வாங்கப்பா."

அவர் எழுந்துவிட்டார். கால் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது, ஆனாலும் நின்றார். கோட்டுப் பையிலிருந்து ஊசியை எடுத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, நூலைக் கோத்து, கோட்டுக் காலரில் குத்திக்கொண்டார். அந்த வேலைக்கு மட்டும் அவர் விரல் நடுங்கவில்லை.

கேப்டன் காலிப் படகோடு வந்து நின்றார். படி வரைக்கும் தையல்காரர் வந்துவிட்டார். கடைசிப் படியில் நின்று தண்ணீரைப் பார்த்தார். பிறகு பழக்க தோஷமோ என்னவோ, சற்று ஒதுங்கி வழிவிட்டு அக்காவிடம் சொன்னார்.

"நீங்க மொதல்ல ஏறுங்கம்மா."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அவள் ஏறாவிட்டால் அவர் ஏற மாட்டார். அவர் ஏறாவிட்டால் அங்கே கல்யாணம் இல்லை. கம்பத்தருகே அதிகாரி கொடியை விரிக்க ஆரம்பித்திருந்தார். அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டு கேப்டனின் கையைப் பிடித்து ஏறினாள். ஏறியதும் படகின் நடுவில் தொப்பென்று உட்கார்ந்து, கண்ணைத் திறக்காமலே அவருக்குக் கை நீட்டினாள். அவர் அதைப் பற்றிக்கொண்டு ஏறினார்.

"சின்னக்கா, நீங்களும் ஏறுங்க" என்றார் கேப்டன். "காலியாப் போனா படகு தூக்கிப் போடும். எடை வேணும்."

வேறு நாளாக இருந்தால் அந்த ஆளை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பேன். வாயை மூடிக்கொண்டு ஏறினேன். எங்களுக்குப் பின்னால் சிவப்புக் கொடி மேலே போனது.

வழியெல்லாம் உப்புத் தண்ணீர் முகத்தில் அடித்தது. அக்காவின் நகம் என் தோளில் பதிந்த தடம் மறைய ரொம்ப நாளாயிற்று. தையல்காரருக்குப் பல் தந்தியடித்தது. அந்த நிலைமையிலும் அவர், "ஒண்ணும் இல்லம்மா, கிட்ட வந்துட்டோம்" என்று அக்காவுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டே வந்தார். பாதி தூரம்கூடப் போயிருக்கவில்லை.

தீவின் படகுத்துறையில் கல்யாணக் கூட்டம் மொத்தமும் நின்றது. பெண் எல்லோருக்கும் முன்னால், ஒரு போர்வையைத் தோளில் சுற்றிக்கொண்டு நின்றிருந்தாள். தையல்காரர் இறங்கினார். மகளை விசாரிக்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை. காலரிலிருந்து ஊசியை உருவினார்.

"திரும்பும்மா."

அவள் திரும்பினாள். அவர் போர்வையை விலக்கி, மேலிருந்து ஒவ்வொரு கொக்கியாகத் தடவிப் பார்த்தார். கடைசிக் கொக்கிக்கு வந்ததும் மறுபடி மேலே போனார்.

"எல்லாம் சரியாத்தானே இருக்கு?"

"நீங்க தச்சது தெறிக்குமாப்பா?"

அவர் ஊசியைப் பிடித்தபடி நின்றார். பெண் இந்தப் பக்கம் திரும்பி அவர் கோட்டுப் பொத்தான்களை அவிழ்த்து, லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றிக் கேப்டனிடம் கொடுத்தாள். யாராவது சிரித்தால் கன்னம் பழுக்கும் என்கிற மாதிரி நான் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் சிரிக்கவில்லை. உள்ளே இருந்தது போனதும் கோட்டு அவர் மேல் தொளதொளவென்று தொங்கியது. அவள் அவர் விரலிலிருந்து ஊசியை வாங்கினாள். அவரைத் திருப்பி நிறுத்தி, முதுகுப் பக்கம் துணியை மடித்துப் பிடித்து, அங்கேயே தைக்க ஆரம்பித்தாள். கூட்டம் காத்துக்கொண்டு நின்றது.

"கொஞ்சம் கிட்டக்கிட்டப் போடும்மா தையல" என்றார் அவர். அழுதுகொண்டேதான் சொன்னார்.

தைத்து முடித்து அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "போங்கப்பா" என்றாள். அவர் வழக்கம்போல ஒதுங்கி நின்று, யாரை முன்னால் அனுப்பலாம் என்று சுற்றுமுற்றும் பார்த்தார். அக்கா என் தோளை விட்டுவிட்டு அவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியம்மாவும், கைக்குழந்தைக்காரியும், மற்ற எல்லோரும் அவளுக்குப் பின்னால் போய் நின்றார்கள். முன்னால் ஒருவரும் இல்லை. அவர் நடந்தார்.