அட்டமியில் வெளியிட்ட ஆட்டுப் புத்தகம்

கடதாசி கிடைக்காத காலம். பள்ளி ஆசிரியையான நான், ஆடு வளர்ப்புப் பற்றிய என் முதல் நூலைப் பிள்ளைகளின் கொப்பித் தாளில்தான் அச்சடித்தேன். மூன்று வருட உழைப்பு அது. அதைச் சனத்திடம் கொண்டுபோகும் பொறுப்பை, எங்கள் ஊர் நாடகங்களுக்கு நோட்டீஸ் ஒட்டி விளம்பரம் செய்து பழகிய சிவலிங்கம் அண்ணையிடம் கொடுத்தேன். ஆனால் வெளியீட்டு நாளை மட்டும் அவரைக் கேளாமல், பஞ்சாங்கம் பார்த்து நானே குறித்துவிட்டேன்.

“உந்த நாள் வேண்டாம் ரீச்சர். அண்டைக்கு மானிப்பாயிலை மட்டும் நாலு கலியாணம்” என்றார்.

“நல்ல காரியத்தை நல்ல நாளிலைதானே அண்ணை செய்யவேணும்?” என்று பிடிவாதமாக நின்றேன்.

அன்று மண்டபத்துக்கு வந்தவர்கள் ஏழு பேர். தலைமை தாங்க வந்தவரும், தாலிகட்டுக்கு நேரமாகிறதென்று பட்டு வேட்டியோடு எழுந்து போய்விட்டார். கட்டுப் பிரிக்காத புத்தகங்களைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது.

“அழாதேங்கோ. வாற அட்டமியிலை திரும்ப வைப்பம். அண்டைக்குச் சனத்துக்குப் போக வேறை இடம் இராது” என்றார் அண்ணை.

அட்டமியில் யாராவது நல்ல காரியம் தொடங்குவார்களா? ஆனாலும் இம்முறை நாளை அவர் விருப்பத்துக்கே விட்டேன். அவர் சைக்கிளில் சந்தை சந்தையாகப் போய், ஆடு வளர்ப்பவர்களிடம் நேரிலே சொல்லிவைத்தார். அட்டமியன்று மண்டபம் நிறைந்து வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். ஒருவர் சுகமில்லாத தன் ஆட்டையும் கூட்டி வந்திருந்தார்!

இப்போது இரண்டாவது நூல் அச்சில் இருக்கிறது. பஞ்சாங்கத்தை அண்ணையிடமே கொடுத்துவிட்டேன். நல்லதொரு கரிநாளாகத் தேடிக்கொண்டிருக்கிறார்.