மிலுத்தின் மேஸ்திரியின் நேரலை

ஸாயெச்சார் நகரில் மிலுத்தின் ஏறாத கூரை ஒன்று மிச்சமிருந்தால், அது அவர் நோயில் விழுந்த பிறகு யாரோ கட்டிய வீட்டின் கூரையாகத்தான் இருக்கும். முப்பத்தொரு வருடம் டிஷ் பொருத்தியவர். ஓட்டு முகட்டில் காலை அகட்டி நின்று, கண்ணைச் சுருக்கித் தெற்கே பார்த்து, தட்டை இரண்டு விரல் அளவு திருப்புவார். கீழே வீட்டுக்காரி "வந்துடுச்சு!" என்று கத்துவாள். ஊரே அவரை மேஸ்திரி என்றுதான் கூப்பிட்டது.

ஐம்பத்தெட்டு வயதில் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. அன்றிலிருந்து திங்கள், புதன், வெள்ளி என்றால் மதியம் ஒரு மணி முதல் ஐந்து மணி வரை டயாலிசிஸ் அறையில் மூன்றாம் எண் நாற்காலி அவருடையது. இடது கை நரம்பு சரிப்பட்டு வராததால், வேலை பழகிய வலது கையிலேயே ஊசி. அந்தக் கையை நான்கு மணி நேரம் அசைக்கக் கூடாது. அசைத்தால் இயந்திரம் கூவும்.

அந்த அறைச் சுவரில் உயரே ஒரு டிவி. அதன் பக்கத்துத் தட்டில் ஒரு சாட்டிலைட் ரிசீவர். ஒன்பது வருடத்துக்கு முன் அதைப் பொருத்தியவரும் அவரேதான். அப்போது தானும் ஒரு நாள் அதன் கீழே படுத்துக் கிடப்போம் என்று நினைத்திருப்பாரா? டிஷ் கொடுத்ததை அது காட்டியது, அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்கே தினமும் சண்டை. இரண்டாம் நாற்காலி தெஸான்காவுக்குத் துருக்கி சீரியல் வேண்டும். வரித்துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவள், மொன்டெநெக்ரோவில் பிறந்தவள், குரலைத் தாழ்த்தத் தெரியாதவள். நான்காம் நாற்காலி ஸ்தானொயே தேனீ வளர்ப்பவர். அவருக்கு வானிலை அறிக்கை போதும், ஆனால் அதை மூன்று சேனலில் பார்க்க வேண்டும்.

மிலுத்தினுக்கு ஒரே மகள், விஷ்ன்யா. இருபத்து மூன்று வயது வரை கூடைப்பந்து ஆடினாள். முழங்கால் போனது. ஒரு வருடம் அழுதாள், அடுத்த வருடம் விசிலைக் கையில் எடுத்தாள். நடுவர் ஆகப் போகிறேன் என்று சொன்னபோது மிலுத்தின் சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்தார்.

"ரெண்டு பக்கமும் சேர்ந்து திட்டுற ஒரே வேலை உலகத்துல இதுதான். தேடிப் பிடிச்சிருக்கே!"

திட்டுவது அவருக்குத் தெரியாத கலை அல்ல. வாலிபத்தில் ஆட்டம் தவறாமல் போய், தொண்டை கட்டும் வரை நடுவரைத் திட்டியவர். எங்கள் ஊர்களில் நடுவரைத் திட்டுவதென்றால் அவன் அம்மாவை இழுத்துத்தான் திட்ட வேண்டும், வேறு வழக்கமில்லை. விஷ்ன்யாவின் அம்மா நதெஷ்தா இறந்து ஆறு வருடம். ஆயிரம் பேர் சேர்ந்து பெயர்கூடத் தெரியாமல் அந்தத் தாயை இழுப்பதைக் காதால் கேட்க மிலுத்தினால் முடியாது. அதனால் மகள் விசில் ஊதிய ஒரு ஆட்டத்தையும் அவர் பார்த்ததில்லை. காரணத்தை மகளிடம் சொன்னதும் இல்லை. அப்பாவுக்குத் தன் வேலை பிடிக்கவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் ஃபோன் செய்தாள்.

"அப்பா, ஃபைனல் எனக்குக் குடுத்திருக்காங்க."

"எந்த ஃபைனல்?"

"பொண்ணுங்க லீக்கோட ஃபைனல்ப்பா. அஞ்சு நாட்டு டீம் ஆடுற லீக். சரயேவோல. வர வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு. மொன்டெநெக்ரோவும் ஸ்லொவேனியாவும்."

"டிவில வருதா?"

"எந்தச் சேனலும் எடுக்கல. லீக்கே அவங்க வீடியோ பக்கத்துல இலவசமா நேரலை போடுவாங்க. ஃபோன்லயே வரும். உங்களுக்கு டயாலிசிஸ் நேரம் வேற." கொஞ்சம் நிறுத்தி, "பாக்கணும்னு ஒண்ணும் இல்லப்பா" என்றாள்.

ஃபோனை வைத்த பிறகும் அந்தக் கடைசி வார்த்தை மனதை விட்டுப் போகவில்லை. தட்டில் இருந்த ரொட்டி காய்ந்து போகும் வரை மிலுத்தின் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

திங்கள்கிழமை ஊசி ஏறியதும் தலைமை நர்ஸ் ஸோர்காவைக் கூப்பிட்டார்.

"சிஸ்டர், அந்த ரிசீவர்ல வீடியோ ஆப் போடணும். வெள்ளிக்கிழமை எம் பொண்ணோட ஆட்டம்."

"உங்க ஃபோன்ல பாருங்களேன் மேஸ்திரி. இடது கை சும்மாத்தானே இருக்கு?"

"ஃபோன்ல ஒளிஞ்சு பாக்கறதுக்கு அவ என்ன திருட்டா பண்றா? பெருசா பாக்கணும். எல்லாரும் பாக்கணும்."

ஸோர்கா யோசித்தாள். ஆஸ்பத்திரியின் இணையத்தைத் தொடக் கூடாது, அது இயந்திரங்களுக்கும் ரிப்போர்ட்டுகளுக்கும். சொந்த ஃபோன் இணையம் என்றால் ஆட்சேபணை இல்லை. "ஆனா ஏணில நீங்க கால் வைக்கக் கூடாது" என்று முடித்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை, அறை காலியாக இருந்த நேரத்தில், மிலுத்தின் ஒரு பென்டிரைவோடு வந்து நின்றார். வீட்டில் இதே ரகப் பெட்டி ஒன்று இருந்தது. முந்தின நாள் மாலை முழுக்க அதில் பழகிப் பார்த்திருந்தார். பெட்டியின் பழைய மென்பொருளை மாற்றி, புதியதை ஏற்றி, வீடியோ ஆப்பைச் சேர்த்தால் டிஷ் சேனல்களும் இருக்கும், இணைய நேரலையும் வரும். சேனல் நம்பர் மாதிரியே ரிமோட்டில் அழுத்திப் போகலாம்.

ஏணியில் ஸோர்கா ஏறினாள். வாழ்நாள் முழுக்க மேலே நின்றவர் முதல்முறையாகக் கீழே நின்று கத்தினார்.

"பின்னாடி தடவிப் பாருங்க, சதுரமா ஒரு ஓட்டை."

"ரெண்டு இருக்கு."

"கீழ இருக்கறதுல பென்டிரைவ். மேல இருக்கறதுல இந்தச் சின்ன வைஃபை குச்சி. மெதுவா! அது பால் குக்கர் இல்ல சிஸ்டர்!"

"இன்னொரு வார்த்தை பேசினீங்க, அடுத்த ஊசிய நான்தான் குத்துவேன்."

பெட்டி அணைந்து, நெடுநேரம் கறுப்பாகக் கிடந்து, பிறகு உயிர் பிடித்தது. மிலுத்தின் தன் ஃபோனின் இணையத்தை அதற்குப் பகிர்ந்தார். லீக்கின் பக்கத்தைத் திறந்து பழைய ஆட்டம் ஒன்றை ஓட்டினார். கூட்டத்தின் இரைச்சல் கேட்டது, பந்து தரையில் மோதும் சத்தம் கேட்டது. படம் மட்டும் வரவில்லை.

"ரேடியோ மாட்டிட்டீங்களே மேஸ்திரி" என்றாள் ஸோர்கா.

மிலுத்தின் ரிமோட்டை எடுத்துப் பெட்டியின் அமைப்புகளுக்குள் போனார். அந்தப் பெட்டியில் வீடியோவை ஓட்ட இரண்டு வழி உண்டு. ஒன்று பழசு, ஒன்று புதுசு. புதுசுக்கு மாற்றிச் சேமித்தார். மறுபடி திறந்தார். நீலச் சட்டை போட்ட ஒரு பெண் வளையத்தை நோக்கித் தாவினாள்.

"வந்துடுச்சு!" என்று கத்தியது ஏணியின் மேலிருந்த ஸோர்கா.

வெள்ளிக்கிழமை ஆறு நாற்காலியும் நிரம்பியிருந்தன. மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மிலுத்தின் தொண்டையைச் செருமினார்.

"இன்னிக்கு சீரியல் இல்ல. கூடைப்பந்து. நடுவரா நிக்கிறது என் மகள்."

தெஸான்கா நிமிர்ந்தாள். "யாரு ஆடறாங்க?"

"உங்க ஆளுங்களும் ஸ்லொவேனியாவும்."

"மொன்டெநெக்ரோவா! சீரியல் கெடக்கட்டும். சத்தத்தைக் கூட்டுங்க!"

"ஒரு நிபந்தனை. நடுவரோட அம்மாவ யாரும் இழுக்கக் கூடாது. அவ உயிரோட இல்ல."

தெஸான்கா தன் இயந்திரத்தைப் பார்த்தாள். பிறகு கேட்டாள், நிஜமான கவலையோடு: "அப்போ யாரைத்தான் திட்டறது?"

"அப்பனைத் திட்டுங்க. இதோ படுத்திருக்கேன்."

முதலில் சிரித்தது ஸ்தானொயே. அவர் சிரித்து அந்த அறை பார்த்ததில்லை.

ஆட்டம் தொடங்கியது. சாம்பல் சட்டையில், பின்னால் இழுத்துக் கட்டிய முடியோடு, விஷ்ன்யா மையக் கோட்டில் நின்று பந்தை மேலே எறிந்தாள். மிலுத்தினுக்குக் கண் கூசியது. பெரிய பெரிய பெண்களுக்கு நடுவே சின்ன உருவம். ஆனால் அவள் கையை உயர்த்தினால் பத்துப் பேரும் நின்றார்கள். இப்படி நடப்பாளா இவள்? இவ்வளவு நிமிர்ந்தா?

இரண்டாவது நிமிடத்திலேயே மொன்டெநெக்ரோவுக்கு எதிராக ஒரு ஃபவுல்.

"இது ஃபவுலா? ஊருக்கெல்லாம் டிஷ்ஷு மாட்டின உங்கப்பன் உனக்குக் கண்ணை மாட்டலியா!" என்று தெஸான்கா கத்தினாள். மிலுத்தின் பக்கம் திரும்பி, "தப்பா எடுத்துக்காதீங்க மேஸ்திரி" என்றாள்.

"எடுத்துக்கல. நல்லா இருந்துச்சு."

அதற்கப்புறம் அறை முழுக்க அப்பன் பெயர்தான். வாசலோர நாற்காலியிலிருந்து, எப்போதும் தூங்கும் கிழவர்கூட, "அப்பன் குடிகாரன்!" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுத் தூங்கினார். மிலுத்தினுக்கு ஒவ்வொரு வசையும் பூ விழுந்த மாதிரி இருந்தது.

ஆட்டத்தின் மூன்றாம் பகுதியில் படம் உறைந்தது. விஷ்ன்யா ஒரு கையை உயர்த்தியபடி நின்றாள், நடுவில் ஒரு வட்டம் சுற்றியது.

"ஐயோ! மேஸ்திரி!"

அவர் பதறவில்லை. ஃபோனின் இணையம் திணறுகிறது. படத்தின் தரத்தைக் குறைத்தால் ஓடும். இடது கட்டைவிரலால், ஒரு பொத்தானுக்கு இரண்டு தடவை தப்பு செய்து, குறைத்தார். முகங்கள் கொஞ்சம் மங்கின. ஆட்டம் ஓடியது.

கடைசி ஆறு விநாடி. மொன்டெநெக்ரோ ஒரு புள்ளி பின்னால். அவர்களின் குட்டையான பெண் ஒருத்தி பந்தோடு ஓரக்கோட்டை ஒட்டிப் பாய்ந்தாள், ஒரு தடுப்பாளரைத் தாண்டினாள், பந்தைப் பலகையில் தட்டினாள். உள்ளே விழுந்தது. தெஸான்கா அலறிவிட்டாள். ஆனால் விசில் முன்னமே கேட்டிருந்தது.

விஷ்ன்யா கோட்டைக் காட்டினாள். கையைக் குறுக்கே வீசினாள். ஓரக்கோட்டை மிதித்தால் பந்து வெளியே போன கணக்கு; கூடை செல்லாது.

அரங்கமே எழுந்தது. மொன்டெநெக்ரோ பயிற்சியாளர் மேசையைத் தாண்டி ஓடி வந்தார். ஆறடி மனிதர்; அவள் முகத்துக்கு நேரே கத்தினார். அவள் ஒரு அடி பின்வாங்கவில்லை. கையை நீட்டி அவர் இருக்கையைக் காட்டினாள்.

அறையில் யாரும் திட்டவில்லை. அதுதான் மிலுத்தினுக்குப் பயமாக இருந்தது. எல்லோரும் அவரைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள்.

"தப்பு பண்ணிட்டாளா?" என்று ஸ்தானொயே மெதுவாகக் கேட்டார்.

"தெரியல" என்றார் மிலுத்தின். நிஜமாகவே தெரியவில்லை.

அப்போது நர்ஸ்கள் அறையிலிருந்து ஒரு கூச்சல் வந்தது. ஸோர்கா அங்கே தன் ஃபோனில் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் படம் டிவியைவிட அரை நிமிடம் முன்னதாகவே வரும். ஓடி வந்து வாசலில் நின்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன சிஸ்டர், சொல்லுங்க!"

தலையை மட்டும் ஆட்டித் திரையைக் காட்டினாள்.

திரையில் மறுகாட்சி. மெதுவாக, கீழிருந்து, தரையை ஒட்டி எடுத்த படம். ஓரக்கோடு வெள்ளையாக நீண்டு கிடந்தது. குட்டைப் பெண்ணின் காலணி வந்தது, இறங்கியது, அதன் முன்பாதி கோட்டின் மேல் முழுசாகப் பதிந்தது. தரம் குறைந்த அந்தப் படத்திலேயே பளிச்சென்று தெரிந்தது. பக்கத்தில், இரண்டு கை தூரத்தில், குனிந்து அதையே பார்த்தபடி விஷ்ன்யா.

எல்லோரும் தெஸான்காவைப் பார்த்தார்கள். அவள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டாள். மறுகாட்சி இன்னொரு தடவை ஓடும் வரை காத்திருந்தாள்.

"மிதிச்சிட்டா" என்றாள். பிறகு அந்தத் தாழாத குரலில்: "மிதிச்சிட்டா, கழுதை! உங்க மக பாத்துட்டா! அத்தன பேர் கத்தியும் அசரல பாருங்க! அவ அப்பன் வாழ்க!"

"அப்பன் வாழ்க!" என்றார் ஸ்தானொயே. வாசலோரக் கிழவர் விழித்துக்கொண்டு, எதற்கென்று தெரியாமலே, கை தட்டப் பார்த்தார். ஒவ்வொருவருக்கும் ஒரு கைதான் சும்மா இருந்தது. நாற்காலிப் பிடியில் தட்டினார்கள். மிலுத்தின் தன்னை மறந்து வலது கையைத் தூக்கிவிட, இயந்திரம் கூவியது. ஸோர்கா ஓடி வந்து கையை அமுக்கிப் பிடித்தாள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது.

ஐந்தரைக்கு, ஊசி இடத்தில் கட்டோடு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது ஃபோன் அடித்தது.

"அப்பா, உடம்பு எப்படி இருக்கு?"

"பாத்தேன்டா கண்ணு."

"முழுசாவா?"

"முதல் பந்துலேர்ந்து. ஒரு அறையே பாத்துச்சு. உங்கம்மா பேரை யாராவது இழுப்பாங்கன்னு பயந்துதான் இத்தன வருஷம் பாக்காம இருந்தேன். வேற ஒண்ணும் இல்ல. வேலை பிடிக்காம இல்ல."

விஷ்ன்யா அழுதாள். பிறகு சிரித்தாள். "அப்பா, அது எனக்கு மொத நாளே பழகிடுச்சு. நீங்கதான் பாவம்."

"அந்தக் கடைசி விசில்... நானா இருந்தா ஊதியிருக்க மாட்டேன். பயந்திருப்பேன்."

"நானும்தான் பயந்தேன்" என்றாள் அவள்.

அந்த வாரத்துக்குள் சேதி பரவியது. எலும்பு முறிவுப் பிரிவிலிருந்து ஒரு ஆள் வந்து, எங்கள் பெட்டிக்கும் செய்து கொடுங்கள் என்றான். பிறகு முதியோர் இல்லம், பிறகு தீயணைப்பு நிலையம். டயாலிசிஸ் இல்லாத செவ்வாயும் வியாழனும் மிலுத்தினுக்கு மறுபடி வேலை நாட்களாயின. ஏணி ஏறுவதில்லை, யாரையாவது ஏற்றிவிட்டுக் கீழே நின்று கத்தினார். தன் அறைப் பெட்டியில் ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்தார்: தெஸான்காவுக்கு அவள் நினைத்த நேரத்தில் தொடங்கும் சீரியல்கள், ஸ்தானொயேவுக்கு உலகெங்கும் தேனீ வளர்ப்பவர்களின் வீடியோக்கள். சண்டை ஓயவில்லை, யார் பட்டியல் முதலில் என்ற சண்டையாக மாறியது.

மே மாதம் நெகோதின் ஊர் டயாலிசிஸ் பிரிவிலிருந்து அழைப்பு வந்தது. வியாழக்கிழமை காலைப் பேருந்தில், மடியில் ஒரு ரிசீவர் பெட்டியோடு ஜன்னலோரம் உட்கார்ந்தார் மிலுத்தின். வழி நெடுக ஆப்பிள் மரங்கள் பூத்திருந்தன. பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள், "இது என்ன பெட்டிங்க?" என்று கேட்டாள்.

"சொல்றேன்" என்று திரும்பி வசதியாக உட்கார்ந்தார் அவர். "எனக்கு ஒரு மக இருக்கா. கூடைப்பந்து நடுவர்..."